ஒரு தரம் கேட்ட கதிரை

இத்தாலியில், பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தொண்டுச் சங்கம் சனிக்கிழமைகளில் வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு உணவுப் பெட்டி கொடுக்கும். வாங்கும் தாய்மாரைப் பிள்ளைகளோடு நிறுத்திப் படமும் எடுக்கும். நன்கொடை தருகிறவர்கள் பார்க்க வேண்டுமாம்.

மன்னாரிலிருந்து வந்த புனிதமலர் கிழமை நாட்களில் வீடுகள் துப்புரவாக்குவாள். சனிக்கிழமை சம்பளமில்லாமல் அங்கே பெட்டி கட்டுவாள். போன நத்தார்ப் பண்டிகைக்கு, அங்கே பெட்டி வாங்க வரும் கேசிகாவின் மகள் லக்ஷனாவின் படம் சங்கத்தின் சுவரொட்டியில் வந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குப் 'பெட்டிக்காரி' என்று பெயர் விழுந்தது. அதோடு கேசிகா வருவதில்லை. புனிதமலர் கேட்டபோது சொன்னாள்:

"படத்தை நிப்பாட்டினால் வாறன் அக்கா. பசி எண்டாலும் பிள்ளைக்கு ஒரு முகம் இருக்குதானே."

இந்த வருடம் நிர்வாகக் குழுவில் வெளிநாட்டவர் ஒருவருக்கும் கதிரை, அதாவது உறுப்பினர் இடம், உண்டு என்று சங்கம் அறிவித்தது. அதில் இருந்தால் படத்தை நிறுத்தச் சொல்லலாம். புனிதமலர் அதற்காகச் செபமாலை சொன்னாள்.

"கதிரை கிடைச்சபிறகு எனக்குத் தேத்தண்ணி ஆர் போடுறது?" என்றார் கணவர் யாக்கோபு.

"இப்ப மட்டும் ஆர் போடுறது? நீங்கள்தானே."

குழுவைத் தெரிவு செய்யும் கூட்டத்தில் சங்கத் தலைவர் கோப்பி நீட்டினார். வேண்டாம் என்றாள். மறுபடி நீட்டினார். "என் மனம் நோகும், சினியோரா" என்று மூன்றாம் தரமும் சொல்ல, வாங்கிக்கொண்டாள்.

பிறகு கேட்டார்: "எங்கள் குழுவில் இருக்க விருப்பமா?"

"ஐயோ, வேண்டாம். என்னிலும் படித்தவர்கள் இருக்கிறார்கள்" என்று தலைகுனிந்தாள். அவள் வளர்ந்த இடத்தில் முதல் தரம் கேட்டவுடன் கைநீட்டுவது மரியாதை இல்லை. அடுத்த தரத்திற்காகக் காத்திருந்தாள்.

"புரிகிறது, உங்களுக்கு வேலை அதிகம்" என்றார் தலைவர். கதிரை இத்தாலியப் பெண் ஒருவருக்குப் போனது. வெளிநாட்டவருக்கு மொழி கற்பிப்பவர், அவர்களை நன்றாக அறிந்தவர் என்றார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். புனிதமலரும் தட்டினாள்.

"விருப்பம் எண்டு சொல்லியிருக்கலாமே" என்றார் யாக்கோபு, அவள் வீட்டுக்கு வந்து கூட்டத்தில் நடந்ததைச் சொன்னபோது.

"திருப்பிக் கேப்பினம் எண்டு இருந்தன்."

"கோப்பிக்குத் திருப்பிக் கேட்டவையோ?"

"ஓம். மூண்டு தரம்."

யாக்கோபு எழுந்து தேத்தண்ணி போடப் போனார்.

சனிக்கிழமை தலைவரிடம் போய், தனக்கு விருப்பம்தான் என்றாள். "நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள்?" என்றார் அவர், அன்பாகத்தான். "இனி அடுத்த தெரிவுக்குத்தான்."

"அப்படியென்றால் அந்தப் படங்களையாவது..."

"படம் இல்லாமல் யார் பணம் தருவார்கள், சினியோரா?"

அன்று படமெடுக்கக் கைபேசி உயரும்போதெல்லாம் புனிதமலர் பெட்டியோடு பிள்ளைக்கு முன்னால் வந்து நின்றாள். விலகச் சொன்னால் விலகினாள். அடுத்த பிள்ளைக்கு மறுபடி நின்றாள். படங்களில் பாதி அவளுடைய முதுகுதான். மற்றப் பாதியில் பிள்ளைகள் இருந்தார்கள்.

பின்னேரம் தன் குசினியிலிருந்து அரிசியும் பருப்பும் சீனியும் எடுத்துக்கொண்டு கேசிகா வீட்டுக்குப் போனாள்.

"படம் நிண்டிட்டுதோ அக்கா?"

"இல்லைப் பிள்ளை."

கேசிகா அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். பிறகு, "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்றாள்.

"ஓம்" என்றாள் புனிதமலர் உடனே.

கேசிகா திகைத்துப்போனாள். வேண்டாம் என்பாள் என்றுதான் கேட்டிருக்கிறாள். வீட்டில் சீனி இல்லை. புனிதமலர் பையைத் திறந்து சீனியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"தண்ணியை அடுப்பில வையன். நானும் களைச்சுப்போனன்."