நாய்க்கடிப் படம்

சுகாதார இலாகா வண்டி பள்ளிக்கூட மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டியபோது, ஒன்பதாம் வகுப்புப் பெண்களில் பாதிப்பேர் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். வெறிநாய் கடித்த ஒருவன் தண்ணீர்ச் செம்பைக் கண்டும், விசிறிக் காற்றுப் பட்டும் கட்டிலில் துடித்தான். சாரதாமணி மட்டும் இமைக்காமல் பார்த்தாள். மறுநாள் அறிவியல் டீச்சர் படத்திலிருந்து கேள்வி கேட்டார். கடித்தவுடன் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போய் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அவளே எழுந்து பதில் சொன்னாள். தண்ணீரைக் கண்டு பயம் வந்துவிட்டால் என்ன வைத்தியம் என்றார் டீச்சர்.

"வைத்தியம் இல்லீங்க டீச்சர்."

எல்லோரையும் கைதட்டச் சொன்னார். அந்தச் சத்தம் ஓய்வதற்குள் அவளுக்கு அப்பாவின் கெண்டைக்கால் நினைவுக்கு வந்துவிட்டது.

பனியன் துணி வெளுக்கும் சலவைப் பட்டறையில் அப்பா பொங்கியண்ணனுக்கு வேலை. சித்திரையில் பட்டறை வாசலில் ஒரு நாய் அவர் காலில் பல்லைப் பதித்துவிட்டு ஓடியது. யாரிடமோ மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டார். புண் ஆறிவிட்டது, எல்லோரும் மறந்தும் விட்டார்கள். அன்று சாயங்காலம் சாரதாமணி படத்தில் கண்டதையெல்லாம் சொல்லி அழுதாள். அம்மா பொன்னாத்தாள், விளக்கு வைக்கிற நேரத்தில் வாயை வைக்காதே என்று அதட்டினாள். அப்பா கோபிக்கவில்லை. மகள் இவ்வளவு தெரிந்து வைத்திருப்பதில் அவருக்குப் பெருமைதான்.

"அவசர ஆர்டர் ஓடுது கண்ணு. ஞாயித்துக்கெழமை போயி ஊசி போட்டுக்கறேன்."

அவள் சோறு தின்னாமல் அடம் பிடித்தும் ஞாயிற்றுக்கு முன்னால் அவர் கிளம்புவதாக இல்லை. சனிக்கிழமை, தழும்பு குறுகுறுக்கிறது என்று சொறிந்துகொண்டே இருந்தார்.

ஞாயிறு காலையில் வெளுத்த வேட்டி கட்டி, கிளம்பும் முன் மோர் டம்ளரை வாயருகே கொண்டுபோனார். தொண்டை இழுத்துக்கொண்டது. டம்ளர் கைநழுவி உருண்டது. என்னமோ பிடித்துக்கொண்டது என்று கூச்சத்தோடு சிரித்தார். இரண்டாம் முறை அம்மா டம்ளரை நீட்டியதுமே முகம் கோணிப் பின்னால் சாய்ந்தார். உடம்புச் சூடுதான் என்று அம்மா சீரகத் தண்ணீர் வைக்க ஓடினாள். சாரதாமணி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குதிரை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். கொஞ்ச தூரம் போனதும் அம்மா அவள் கையைப் பற்றினாள்.

"நீதான் படம் பாத்தியே கண்ணு. இதுக்கு என்ன பண்ணுவாங்க?"

அப்பாவும் திரும்பிப் பார்த்தார். வீட்டில் அவளைப் பேப்பர் படிக்கச் சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாரே, அதே பார்வை.

"ஊசி போடுவாங்கம்மா. செரியாப் போயிரும்."

வண்டி நொய்யல் பாலத்தில் ஏறியது. ஆற்றுக் காற்று முகத்தில் பட்டதும் அவருக்குத் தொண்டை வெட்டி இழுத்தது. அவள் தாவணியை அவிழ்த்து இரண்டு கையாலும் விரித்து அவர் முன்னால் மறைத்துப் பிடித்தாள். துணி பாய்மரம் போல் உப்பிக்கொண்டு கையை இழுத்தது. வலப்பக்கம் மறைத்தால் இடப்பக்கம் வந்தது காற்று. பாலம் இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை.