கதவில் பதினெட்டாவது வரி

தையற்கடை மாடியில் இரண்டே அறை, ஐந்து பேர். கைப்பேசியில் சுற்றும் புளுகையும் வெறுப்புப் பேச்சையும் துருவி, எது பொய் என்று ஊருக்குச் சொல்வது அவர்கள் வேலை. லாபம் பார்க்காத அமைப்பு, வருமானமெல்லாம் வசவுதான். அப்படியும் விடமாட்டேன் என்கிறார்களே, அந்தப் பிடிவாதத்துக்கே கும்பிடு போடலாம்! அவர்களில் ஒருத்திக்குச் சல்லடை என்று பெயர் விழுந்திருந்தது. எதையும் சலிக்காமல் விடமாட்டாள்.

அறைக்கதவில் ஒரு நீளக் காகிதம். தாங்கள் செய்த தப்புகளை அவரவர் கைப்பட, தேதி போட்டு அதில் எழுதி வைப்பார்கள். அடுத்தவன் பொய்யைச் சொல்ல வந்தவனுக்குத் தன் தப்பைச் சொல்லத் துப்பு வேண்டாமா? இதுவரை பதினேழு வரி. ஆறு சல்லடையுடையது.

அன்று காலை குடும்பக் குழுவில் அவள் அக்காள் கணவர் ஒரு வீடியோ அனுப்பினார். அலறும் சிறுமியை ஒருவன் மஞ்சள் வேனுக்குள் இழுத்துப் போடுகிறான். ‘பிள்ளை பிடிக்கிறவன். இவனுங்க கூட்டமே இப்படித்தான், விடாதீங்க’ என்று அடியில் எழுதியிருந்தது.

“அத்தானுக்கு வேற வேலையே இல்ல,” என்று முணுமுணுத்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். “வக்கீல் சார், ஸ்டியரிங் எதிர்ப்பக்கம் இருக்கு பாருங்க. படத்தை இடம் வலமா மாத்தியிருக்கானுங்க.”

வக்கீல் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தவர் அவர். படத்தை நேராக்கியதும் பின்னாலிருந்த பலகையைப் படிக்க முடிந்தது: பல் மருத்துவமனை. சல்லடை அங்கே கூப்பிட்டாள்.

“ஐயோ, அந்தக் குட்டியா!” என்று வரவேற்பறைப் பெண் சிரித்தாள். “ஊசின்னதும் டாக்டர் விரலைக் கடிச்சுட்டு ஓடிடுச்சு. அவங்கப்பாதான் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு.”

“போதும், போட்டுடு,” என்றார் வக்கீல்.

“ரெண்டு பேர் சொல்லாம போடக்கூடாதுன்னு விதி வெச்சதே நீங்கதானே சார்?”

அந்தப் பெண்ணே சிறுமியின் அப்பாவுக்கு இணைப்புப் போட்டுக் கொடுத்தாள். அவர் கிசுகிசுத்தார். “வீட்டைச் சுத்தி ஆளுங்கம்மா. வாசல்ல நிக்கிற மஞ்சள் வேனைப் பார்த்து வந்திருக்காங்க. போலீசுக்குச் சொல்லிட்டேன், இன்னும் வரல. கதவைத் தட்டுறாங்க.” பக்கத்தில் சிறுமி அழுதாள்: “அப்பா, நான் ஊசிக்குத்தானே கத்துனேன்?”

வக்கீல் செய்தியை வெளியிட்டார். ஆனால் வாசலில் நிற்கிறவன் அதைப் படிக்கவா போகிறான்? வீடியோ எங்கிருந்து வந்தது என்றாவது கேட்போம் என்று அத்தானைக் கூப்பிட்டாள். காதைக் கிழிக்கும் கூச்சல்.

“எங்க இருக்கீங்க அத்தான்?”

“அந்தப் படுபாவி வீட்டு வாசல்லதான். கதவை உடைக்கப் போறோம்!”

“அத்தான்! அது அவர் பெத்த பொண்ணு. நான் ரெண்டு பேர்கிட்ட கேட்டுட்டேன். சொல்லுங்க அவங்ககிட்ட.”

“இத்தனை பேரைக் கூட்டிட்டு வந்ததே நான்தானேம்மா. எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்லுவேன்?”

“மூஞ்சி கெடக்கட்டும் அத்தான், உள்ள உயிர் போயிடும்!”

பிறகு அவரே தொண்டை கிழியக் கத்தினார்: “நிறுத்துங்கய்யா! அனுப்பினவன் நான் சொல்றேன், அது பொய்!” யாரோ திட்டினார்கள். ஏதோ கிழிந்தது. அவர் திரும்பத் திரும்ப அதையே கத்தினார். கூச்சல் அடங்கி, போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டபின்தான் சல்லடை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மத்தியானம் அத்தான் மாடியேறி வந்தார். சட்டைப்பை கிழிந்து தொங்கியது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கதவிலிருந்ததை ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

“உன் பேரே இருக்கே.”

“ஆறு தடவை அத்தான்.”

அவர் பேனாவுக்குக் கை நீட்டினார். இது எங்கள் தப்புக்கு மட்டும்தான் என்று சொல்ல வாயெடுத்தவள், பேனாவைக் கொடுத்தாள். தேதி போட்டு, நிதானமாக எழுதினார்:

‘கேட்காமல் அனுப்பினேன். போன் வந்தபோது என் இன்னொரு கையில் கல் இருந்தது.’