காய்க்காத கொடி

எங்கள் வீட்டுப் பின்சுவரில் ஒரு கசப்புக்கொடி இருக்கிறது. கொழுந்தைச் சமைக்கலாம். வேரை வயிற்றுக்கு இடித்துக் கொடுப்பார்கள். அது பூக்கும் காலத்தில் என் தேனீப் பெட்டியில் எடுக்கும் தேன் லேசாகக் கசக்கும். இளைப்புக்காரியான என் வீட்டுக்காரி அந்தத் தேனைக் குடித்தால்தான் படுத்துத் தூங்குவாள்.

வெளியே இந்தக் கொடியை இப்போது காண முடிவதில்லை. இதற்கும் அடித்தண்டு உளுத்துவிட்டது. விதை எடுத்துப் போட்டால்தான் உண்டு. ஆனால் சில வருடமாகப் பூத்துக் கொட்டுகிறதே தவிர ஒரு காய் பிடிக்கவில்லை.

ஒருநாள் நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் ஒரு அம்மா தொட்டியோடு வந்து நின்றாள். அதில் அதே கொடி, மொட்டு விட்டிருந்தது.

"இதை உங்க கொடி பக்கத்துல வைக்கணும், ஐயா."

"என்கிட்ட கொடி இருக்குன்னு யாரு சொன்னது?"

"நான்தான்," என்றாள் வீட்டுக்காரி உள்ளேயிருந்து. "தேன் வாங்க வந்தப்போ ஏன் கசக்குதுன்னு கேட்டாங்க. பொய்யா சொல்றது?"

வீட்டுக்குள்ளேயே ஆள் வைத்திருக்கிறார்கள்.

"இது காய்ச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"இது காய்க்காதுங்க."

"காய்க்காததை எதுக்குத் தூக்கிட்டு அலையற? இடத்தைப் பாத்து வெச்சுக்கிட்டு, ஆள் கூட்டிட்டு வந்து வேரோட எடுத்துட்டுப் போகவா?"

அவள் கோபப்படவில்லை. "இது ஆண் கொடி. உங்களோடது பெண். ரெண்டும் பக்கத்துல பூத்தாத்தான் காய் பிடிக்கும்."

"கொடியில என்ன ஆணு, பொண்ணு?"

"நமக்கு மட்டும் புள்ளைங்க தானாவா வந்துச்சு?" என்றாள் வீட்டுக்காரி. பண்ணைக்காரி சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் சிரிக்கவில்லை. எங்கள் பக்கம் வேர் தோண்டுகிறவர்களுக்குள் ஒரு கட்டு உண்டு. காய்க்கிற கொடியில் கை வைக்கக்கூடாது, காய்க்காததைத்தான் தோண்ட வேண்டும். செடி அழியக்கூடாதென்று வைத்த கட்டு. ஒருத்தனும் மீறியதில்லை.

இவள் சொல்வது நிஜமானால், இத்தனை வருடம் தோண்டித் தீர்த்ததெல்லாம் ஆண் கொடியா? அதை வாய்விட்டுக் கேட்க எனக்கு மனசில்லை.

"தொட்டி இருக்கட்டும். நீ அடிக்கடி வராத."

"காய்ச்சா பாதி விதை எனக்கு."

"காய்க்கட்டும், பாக்கலாம்."

மொட்டு விரிந்ததும் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவளை நம்பி அல்ல, தொட்டியை யாரும் தூக்கிவிடக்கூடாதே என்று. தேனீக்கள் தொட்டிக்கும் சுவருக்கும் போய்வந்துகொண்டிருந்தன. பூ உதிர்ந்த பிறகு காம்பைத் தடவிப் பார்த்தேன். மிளகளவு பிஞ்சு. பக்கத்துக் காம்பிலும் இருந்தது.

காய் முற்றி வரும்போது வேர் வியாபாரி வந்தான். பழைய பழக்கம், நேரே கொல்லைக்கே வந்துவிட்டான். சுவரில் காய்த்திருந்த கொடியைக் கும்பிட்டான், தொட்டிக் கொடியின் பக்கம் குனிந்தான்.

"அண்ணே, சுவத்துல இருக்கறதைத் தொட மாட்டேன். இது காய்க்காததுதானே? வேரைக் குடுங்க."

"அதைத் தொட்டா கையை ஒடிப்பேன்."

"என்னண்ணே, நம்ம கட்டுதானே?"

"உக்காரு, சொல்றேன்," என்று முக்காலியை நகர்த்தினேன். உள்ளே திரும்பி, "பண்ணைக்கார அம்மாவுக்குச் சொல்லி அனுப்பு," என்றேன். "வரும்போது இன்னும் ரெண்டு தொட்டி கொண்டுவரட்டும், விதை போடக் காலியா."