எதிர்ப்பக்கச் சுற்று

"நார்! ஈர நார் கொண்டாங்க, சீக்கிரம்!"

அவள் போட்ட சத்தம் முன்கடை வரைக்கும் போனது. இரண்டு கைகளும் கிளையைப் பிடித்திருந்தன. விட்டால் போச்சு. சற்றுமுன் கேட்ட அந்த ஒலி விரல் சொடுக்குவதில் பாதிகூட இராது. 'டிக்.' அவ்வளவுதான். ஆனால் அது என்ன ஒலி என்று அவளுக்குத் தெரியும்.

கணவர் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு ஓடி வந்தார்.

"ஒடிஞ்சிடுச்சா?"

"வாயைத் திறந்திருக்கு. நின்னு பார்க்காதீங்க, அந்தத் தொட்டித் தண்ணியில நார் ஊறுது பாருங்க, அதை எடுங்க!"

எடுத்தார். சொட்டச் சொட்ட நீட்டினார். அவள் கிளையை அசையாமல் பிடித்துக்கொள்ள, அவர் சுற்றினார். விரல் பருமனுள்ள கிளையின் வெளிவளைவில் தலைமயிர் அளவுக்கு ஒரு விரிசல். ஈர நார் அதன்மேல் படிந்து, இறுகி, மூடியது.

மாடியிலிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்தாள். தையல்காரி. வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி இருக்கும், பேச்சிலும் இருக்கும்.

"என்ன அண்ணி, மரத்துக்கு மாவுக்கட்டா?"

"உங்க வாய்க்கு ஒண்ணு போடணும். போய் ஜாக்கெட்டைத் தைங்க."

தெருவைப் பார்த்து இருந்தது அவருடைய மோட்டார் வைண்டிங் கடை. பின்னால் கண்ணாடிக் கூரை போட்ட நீள அறை அவளுடையது. அவரைத் தெரு 'காயில்காரர்' என்றது. அவளைக் 'குட்டை மரத்தக்கா'. தட்டு அகலத் தொட்டிகளில் முழங்கை உயர மரங்கள். பிறருடைய மரங்கள். அவற்றின் கிளைகளுக்குச் செம்புக் கம்பி சுற்றி, வளைத்து, வடிவம் கொடுத்து அனுப்புவது அவள் பிழைப்பு.

வாயைத் திறந்த கிளை பல் டாக்டரம்மாவின் ஜூனிப்பர் மரத்துடையது.

அந்த அம்மாள் மரத்தை மடியில் வைத்துக் காரில் கொண்டுவந்து இறக்கியபோதே தீர்ப்பையும் சொல்லிவிட்டாள்: "நான் பல்லுக்குக் கம்பி கட்டுறேன், நீ மரத்துக்குக் கட்டுற. என்னை ஏமாத்த முடியாது. இந்த முதல் கிளை இடப்பக்கம் திரும்பி இறங்கணும். சரியா பண்ணிக் காட்டு, என் மொட்டைமாடி மரம் பூரா உன்கிட்டதான். கிளை போச்சுன்னா, என்னையும் மறந்துடு."

சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தாள்.

கிளை ஏன் விரிந்தது என்று குட்டை மரத்தக்கா யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இடப்பக்கம் முறுக்க வேண்டிய கிளைக்கு வலப்பக்கமாகச் சுற்றியிருந்தாள். முறுக்கும் திசையிலேயே கம்பியும் சுற்றியிருந்தால் அது இறுகிக் கிளையைத் தாங்கும். எதிராகச் சுற்றியிருந்தால் முறுக்க முறுக்கத் தளர்ந்து, வேண்டிய நேரத்தில் கையை விரித்துவிடும். தொழிலின் அரிச்சுவடி இது. அவள் அறியாததல்ல. ஆனால் எதிர்ப்பக்கம் சுற்ற அவள் கை போகாது. மணிக்கட்டு மரக்கட்டை ஆகிவிடும், சுற்று கோணும், கம்பி பட்டையைக் கீறும். இத்தனை காலம் தொட்டியைத் திருப்பி வைத்து, மரத்தைச் சாய்த்து, எப்படியோ ஒப்பேற்றி வந்தாள். இந்தக் கிளையிடம் அந்த வித்தை பலிக்கவில்லை.

தளர்ந்து கிடந்த கம்பியைக் கட்டரால் துண்டு துண்டாக நறுக்கி எடுத்தாள். சுற்றைப் பிரித்து எடுக்கப் போனால் கிளையும் கூடவே வந்துவிடும்.

"வேற கம்பி வேணும்," என்றாள். "இதைவிட ஒரு நூல் தடிமனா. கிளைப் பருமன்ல மூணுல ஒரு பங்கு இருக்கணும்."

காயில்காரர் கிளையைத் தொடாமல் கண்ணாலேயே அளந்தார். "இருக்கு. பெரிய பம்ப் மோட்டார் வயித்துல இருந்து எடுத்தது."

கொல்லையில் தீ மூட்டினார். மோட்டார் கம்பிக்கு மேலே எனாமல் பூச்சு உண்டு; முதலில் அது புகைந்து போக வேண்டும். காற்று புகையை அந்தப் பக்கம் தள்ளும்படி நின்றுகொண்டு, வளையமாகச் சுருட்டிய கம்பியைத் தீக்குள் வைத்தார். கறுத்தது. பிறகு மெல்லச் சிவந்தது. பழுத்த கம்பியை இடுக்கியால் தூக்கிக் கல்மேல் கிடத்தினார். ஆறியபோது அது கம்பி போலவே இல்லை. தூக்கினால் தூங்கும் பூனை போலத் தொங்கியது.

"தட்டாதீங்க, கீழே போடாதீங்க."

"தெரியும்மா. ஒரு தடவைதான் சொன்ன பேச்சு கேட்கும். அப்புறம் உன்னை மாதிரி விறைச்சுக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கவலையோடு மதியச் சாப்பாட்டை முடித்தாள். மேசைக்கும் சுவருக்கும் நடுவே கிடந்த சாய்வு நாற்காலியில் சாய்ந்தாள். கண்ணாடிக் கூரை வழியாக வெயில் பச்சையாக வடிந்துகொண்டிருந்தது. முன்கடையில் ஏதோ மோட்டார் ஓடிப் பார்த்து, முனகி, நின்றது.

தண்ணீருக்குள் உட்கார்ந்திருந்தாள். மூச்சு முட்டவில்லை. அவளுக்கு முன்னால் முதுகு காட்டி யாரோ ஒரு பெண். முகம் தெரியவில்லை. அவள் தலைமுடியை இவள் பின்னிக்கொண்டிருந்தாள். முடி கதகதப்பாக, செம்பு நிறத்தில், தீயின் வாசனையோடு இருந்தது. பின்னலின் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. கை தானாகப் போயிற்று. எங்கும் சிக்கவில்லை, எங்கும் இழுக்கவில்லை. பின்னல் நீண்டுகொண்டே போய்த் தண்ணீரின் மறுகரையில் வெளிச்சமாகக் கரைந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று...

விழித்தாள்.

எதிரே ஜூனிப்பர்.

கிளையில் கம்பி சுற்றியிருந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அது மறைந்துவிடும் போல இருந்தது. சாய்ந்தபடியே பார்த்தாள். அடியில் தண்டைச் சுற்றி நங்கூரம் போட்டு, அங்கிருந்து ஏறி, கிளைமேல் ஒரே சரிவில், ஒரே இடைவெளியில், நாரின் மேல் மெத்தென்று உட்கார்ந்து, நுனி வரைக்கும். கோடு போட்டு வரைந்த மாதிரி. அதுவும் எதிர்ப்பக்கமாக!

முகம் கழுவி வந்து, இரண்டு கட்டை விரல்களையும் கிளைக்கு அடியில் கொடுத்தாள். இடப்பக்கம் முறுக்கினாள். கம்பி இறுகியது. கிளை முனகவில்லை. கைகொடுத்து மாடிப்படி இறக்கிவிடும் நோயாளி போல அவளை நம்பி இறங்கி, இறங்கி, சொன்ன இடத்தில் நின்றுகொண்டது.

அப்புறம்தான் அவளுக்குப் பயம் வந்தது.

"ஏங்க! யாரு இங்க வந்தது?"

காயில்காரர் கிரீஸ் கையோடு வாசலில் வந்து நின்றார். மரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பதில் வர ஒரு நொடி அதிகமாக ஆனது.

"நான்தான்."

"நீங்களா?"

"நீ அசந்து தூங்கிட்டிருந்த. எழுப்ப மனசு வரல."

மேசைமேல் அவளுடைய கைக்கடிகாரம் கிடந்தது. அகலத் தோல்பட்டை போட்ட பழைய கடிகாரம். குளிக்கும் நேரம் தவிர இடது மணிக்கட்டை விட்டு இறங்காதது. எப்போது கழற்றினோம் என்று யோசித்தபடியே மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் மதியமும் அதே நாற்காலி, அதே தண்ணீர், அதே பின்னல். விழித்தால் இரண்டாவது கிளையிலும் கம்பி சுற்றியிருந்தது. அதற்கு அடுத்த நாள் உச்சிக் கிளை. ஈர்க்குச்சி போன்ற கொப்புகளுக்கெல்லாம் நூல் கம்பி. இரண்டு கொப்புக்கு ஒரே கம்பி. ஒன்று மற்றொன்றுக்குப் பிடிமானம். ஒரு இடத்திலாவது கம்பி மேல் கம்பி ஏற வேண்டுமே! ஏறவில்லை.

காயில்காரர் தினமும் காலையில் கம்பி பழுக்க வைத்துக் கொண்டுவந்தார். கொண்டுவந்து நாற்காலிக்கு இடப்பக்கம் வைத்தார்.

"ஏன் அந்தப் பக்கம் வைக்கிறீங்க? எனக்கு எட்டாது."

"இடம் இருந்துச்சு, வச்சேன்."

அவள் மனசில் ஒரு முள் விழுந்தது. இவ்வளவு சுத்தமான கை இருந்தும் இத்தனை வருஷம் வாயைத் திறக்காத மனுஷனா? கல்யாணமான புதிதில் ஒரு காயிலைக் கட்டி முடித்துவிட்டு, மூன்று முறை கூப்பிட்டுக் காட்டியவர் ஆயிற்றே!

மாடிக்குப் போனாள்.

"உண்மையைச் சொல்லுங்க. நீங்கதானே வந்து சுத்தறீங்க?"

நாத்தனார் ஊசிகளைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். "நானா? அந்த மரங்களைப் பார்த்தாலே எனக்கு பயம் அண்ணி. நான் குண்டாகறேன், அதுங்க அப்படியே இருக்குதுங்க. அண்ணனைக் கேளுங்க."

"அவர்தான்னு சொல்றார்."

"அப்ப அவரில்ல," என்றாள் நாத்தனார், சட்டென்று. "எங்கண்ணன் நல்லது பண்ணினா சொல்லிக்காட்டிட்டே இருப்பார். கேட்டப்புறம் ஒத்துக்கிட்டா, அதுல பொய் இருக்கு."

வெள்ளிக்கிழமை காலை, காய்ந்து போன ஒரு குச்சியையும் ஒரு முழம் கம்பியையும் கணவர் முன் வைத்தாள்.

"சுத்துங்க."

"எதுக்கு?"

"பார்க்கணும்."

காயில்காரர் கம்பியை எடுத்தார். தயங்கினார். சுற்றினார். சுற்றுக்குச் சுற்று நெருக்கமாக, மயிரிழை இடைவெளி இல்லாமல், பளபளவென்று அழகாக. குச்சி மறைந்தே போனது. மோட்டாருக்குள் வைத்தால் ஓடும்.

"இது காயில்," என்றாள்.

அவர் தலை குனிந்தது.

"உங்க கை காயில் கை. பழக்கம் விடாது. மரத்துல இருக்கறது நீங்க சுத்தினது இல்ல. யாரு?"

"நாளைக்கு டாக்டரம்மா வந்துட்டுப் போகட்டும். அப்புறம் சொல்றேன்."

"யாருன்னு கேட்டேன்."

"ஒரு நாள் பொறு. தொந்தரவு பண்ணினா அந்தக் கை நின்னு போயிடும்."

அந்தக் கை! அவள் அவரை முறைத்தாள். அவர் கண்ணில் குற்றம் இல்லை. ஏதோ கூடு கட்டும் பறவையை ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்ப்பவரின் கண் அது. அதுதான் இன்னும் எரிச்சலூட்டியது.

சனிக்கிழமை பல் டாக்டரம்மா வந்தாள். ஹேண்ட்பேகை நாத்தனார் கையில் திணித்தாள். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள். வாயைத் திறக்கச் சொல்லாத குறையாக மரத்தின் முன் குனிந்தாள்.

முதல் கிளையை அடியிலிருந்து நுனிவரை பார்த்தாள். கம்பிக்கும் பட்டைக்கும் நடுவே நகத்தை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. அழுத்தியும் இருக்கவில்லை.

"இங்க நார் கட்டியிருக்கு. விரிஞ்சுதா?"

பொய் சொல்லலாம். "ஆமா மேடம். நான்தான் விரிய விட்டேன்."

"கம்பி இதை மூடிடுச்சு. பிழைச்சுக்கும்." டாக்டரம்மா நிமிர்ந்தாள். "கிளை நான் கேட்ட இடத்துல நிக்குது. மொட்டைமாடி மரம் எல்லாம் இங்க வரும். ஒரே ஒரு கண்டிஷன். இதைச் சுத்தினவங்கதான் அதையும் சுத்தணும்."

குட்டை மரத்தக்கா அவசரமாக நிமிர்ந்தாள்.

"நான்தானே மேடம் இங்க..."

"நீ இல்ல. உன் வேலையைப் போன வருஷம் எக்ஸிபிஷன்ல பார்த்திருக்கேன். சுத்தம், ஆனா எல்லாம் ஒரே பக்கம். வலது கை வேலை. இது இடக்கை." கம்பியின் மேல் விரலை ஓட்டினாள். "என் கிளினிக்ல ஒரு இடக்கைப் பொண்ணு இருக்கா. பல்லுக்குக் கம்பி முறுக்கினா முனை இப்படித்தான் படுக்கும். பார்த்த உடனே தெரியும். யாரு அது? கூப்பிடு."

"எங்க வீட்ல இடது கைக்காரங்க யாரும் இல்ல மேடம்," என்றாள் நாத்தனார்.

குட்டை மரத்தக்காவின் விரல்கள் கடிகாரப் பட்டையைத் தேடிப் போயின.

காயில்காரர் தொண்டையைச் செருமினார். "இருக்காங்க. ஆனா அவங்களுக்கே தெரியாது."

"சுத்தி வளைக்காதீங்க!" என்றாள் மனைவி.

"முதல் நாள் உனக்குத் தண்ணி கொண்டு வந்தேன். நீ நாற்காலியில நிமிர்ந்து உட்கார்ந்திருந்த. கண்ணு பாதி மூடி. வாட்சைக் கழட்டி மேசைமேல வச்ச. கம்பியை எடுத்த. சுத்த ஆரம்பிச்ச." அவர் தன் கையைக் காற்றில் அசைத்துக் காட்டினார். அந்த அசைவில் அவளுக்குப் பின்னல் தெரிந்தது; தண்ணீர் தெரிந்தது. "நான் அந்தத் தம்ளரோட அப்படியே நின்னுட்டேன். அவ்வளவு அழகா இருந்துச்சும்மா. சுத்தி முடிச்சு சாய்ஞ்சுட்ட. எழுப்பினா கைக்கு மறந்து போயிடும்னு பயம். அதான் நான்னு சொன்னேன். அதான் கம்பியை அந்தப் பக்கம் வச்சேன்."

டாக்டரம்மா கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினாள்.

"எந்தக் கை?" என்றாள் குட்டை மரத்தக்கா. கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"இடது கை."

அவள் மெதுவாகக் கடிகாரத்தின் தோல்பட்டையைக் கழற்றினாள். மணிக்கட்டைச் சுற்றி வெள்ளையாக, மெல்லிதாக ஒரு வளையம். உரிய நேரத்தில் வெட்டி எடுக்காத கம்பி, பருக்கும் கிளையில் பதிந்துபோகும் தடம் போல.

"இதைப் பத்தி ஒரு தடவை கேட்டப்ப, கம்பி கிழிச்சதுன்னு சொன்ன," என்றார் கணவர், தாழ்ந்த குரலில்.

"கம்பி இல்லங்க. சணல் கயிறு." வளையத்தின் மேல் வலது கட்டை விரலை வைத்து, மரப்பட்டையைத் தடவுவது போலத் தடவினாள். மேசையின் இடப்பக்கம் இன்று காலை பழுக்க வைத்த கம்பி தொங்கலாகக் கிடந்தது. கை அதை நோக்கித் தானாக நகர்வதை, வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதப் பழகற வயசுல, இந்தக் கையை நாற்காலிக் கையோட சேர்த்துக் கட்டி வச்சாங்க. வலது கையால எழுதி முடிச்சாத்தான் அவிழ்ப்பாங்க. கட்டினது எங்கம்மா." கம்பியை எடுத்துக்கொண்டாள். "நான் பொறக்கும்போதே இடக்கைங்க."