இரண்டாவது பொத்தான்

மேசை இழுப்பறையை நான் மூடியபோது என் வெள்ளைக் கோட்டின் ஓரமும் அதற்குள் மாட்டிக்கொண்டது. அது தெரியாமல், எதிரே வந்து உட்கார்ந்த தையல்காரம்மாவை வரவேற்கிறேன் பேர்வழி என்று விறைப்பாக எழுந்தேன். இரண்டாவது பொத்தான் தெறித்து நேராக அவர் மடியில் விழுந்தது.

கூட வந்த அவருடைய அக்கா பொத்தானையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "டாக்டர் இன்னும் வரலியா?"

நான் மனநலப் பிரிவின் சிறப்புச் செவிலியன். மேற்படிப்பு படித்து, நோயாளியைப் பரிசோதிக்கவும் மருந்தின் அளவைக் கூட்டிக் குறைக்கவும் உரிமை பெற்றவன். இதை அக்காவுக்கு மாதாமாதம் விளக்குகிறேன். அவரும் மாதாமாதம் டாக்டரைத் தேடுகிறார்.

தையல்காரம்மாவுக்கு மனம் தறிகெட்டு உச்சிக்கு ஏறும் நோய். போன வருடம் ஒன்பது நாள் கண்மூடாமல் தெருவுக்கே சட்டை தைத்துவிட்டு, பத்தாம் நாள் எங்கள் வார்டுக்கு வந்தார். மருந்தில் அடங்கினார். இப்போது மறுபடி தூக்கம் மூன்று மணி நேரமாகச் சுருங்கியிருந்தது.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களாம்மா?"

"நான்தானே எடுத்துக் கையில குடுக்குறேன்," என்றார் அக்கா.

"பரவால்ல தம்பி," என்றார் தையல்காரம்மா. நான் கேட்டது ஒன்று, வந்தது ஒன்று. நானும் அதை ஆமாம் என்றே எடுத்துக்கொண்டேன். சாப்பிட்டும் கேட்கவில்லை என்றால் அளவைக் கூட்ட வேண்டியதுதான். சீட்டை எழுத ஆரம்பித்தேன்.

"அந்தக் கோட்டைக் கழட்டிக் குடுங்க. பார்க்கச் சகிக்கல."

தையல்காரம்மா பையிலிருந்து ஊசியை எடுத்தார். நூல் ஒரே குத்தில் ஊசியின் காதுக்குள் போனது.

என் பேனா நின்றது. இந்த மருந்து கையை நடுங்க வைக்கும்; இந்தக் கையோ ஆடவே இல்லை. இரண்டு மாதம் முன்பு இதே நாற்காலியில் அவர் போட்ட கையெழுத்து, மழையில் நனைந்த பூரான் மாதிரி இருந்தது. "போகப் போகச் சரியாயிடும்" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்லி அனுப்பியவன் நான்தான். இப்போது நான் கூட்டி எழுதி, அதை அக்கா பக்கத்தில் நின்று மொத்தமாக விழுங்க வைத்தால், மருந்தை விட்டுவிட்ட அந்த உடம்பு தாங்குமா?

எழுதியதை அடித்தேன்.

"அக்கா, கவுன்ட்டர்ல இவங்க எடை அட்டையை வாங்கிட்டு வர்றீங்களா?"

"டாக்டர் வந்தா கூப்பிடுங்க," என்று போனார்.

கதவு மூடியதும் நாற்காலியைத் தையல்காரம்மா பக்கம் நகர்த்தினேன். "அம்மா, எனக்கு ஏழு நாளைக்கு மாத்திரை குடுத்தா மூணாம் நாளே நிறுத்திடுவேன். மிச்சமெல்லாம் கோட்டைக் கடிச்ச இதே இழுப்பறையிலதான் கெடக்கு. அதனால உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்ல. எத்தனை நாளா சாப்பிடல?"

அவர் கடைசித் தையலை முடிச்சிட்டார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பொத்தானை இழுத்துப் பார்த்துவிட்டுக் கோட்டை என் மடியில் வைத்தார்.

"இருபத்திரண்டு நாளா. அக்கா தலை திரும்புனதும் துப்பிடுவேன். கை நடுங்குனா என்னால ஊசி கோக்க முடியல தம்பி. கை நடுங்காத மருந்து ஏதாவது இருந்தா எழுதுங்க, சாப்பிடுறேன்."