ரட்சாதிகாரிக்கு ஓட்டு கிடையாது

கேரள எல்லையோரத்துக் குன்னத்துகால் சந்திப்பில் பிரேமகுமாரி பியூட்டி பார்லர் திறந்த காலத்தில் சுற்றுவட்டாரத்தில் வேறு பார்லர் இல்லை. கல்யாணப் பெண்ணை அலங்கரித்து ஒருக்க வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவளின் சொந்த நாத்தனார் மகளுக்கே செங்கலிலிருந்து ஜிஜா என்றொரு சின்னப் பெண் வந்து மேக்கப் போட்டாள். மணப்பெண் நன்றாகத்தான் இருந்தாள். அதுதான் பிரேமகுமாரிக்குப் பொறுக்கவில்லை. சாப்பிடாமலே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"போன்ல பாத்துப் படிச்சவளாக்கும். பார்லரும் இல்ல, போர்டும் இல்ல. இதையெல்லாம் கேக்க ஆளில்லியா?" என்று கணவன் தங்கப்பனிடம் பொரிந்தாள்.

தங்கப்பன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "கேக்கணும்னா சங்கம் வேணும். எங்களுக்கு யூனியன் உண்டு. உனக்கு என்ன உண்டு?" என்றார் விளையாட்டாக.

பியூட்டீஷியன்களுக்கு மாநிலச் சங்கம் ஒன்று இருந்தது. இந்தப் பக்கம் மட்டும் கிளை இல்லை. பிரேமகுமாரி ஸ்கூட்டரை எடுத்தாள். பாறசாலை, செங்கல், அதியன்னூர் என்று ஒரு பார்லரையும் விடவில்லை. சிலர் டீ கொடுத்தார்கள். சிலர் அவளைக் கண்டதும் காலியான நாற்காலிக்கு முன்னால் நின்று தலை வாருவதுபோல் பாவனை செய்தார்கள். கடைசியில் நெய்யாற்றின்கரையில் பார்லரும் பயிற்சிப் பள்ளியும் நடத்திய சோனா மனமுவந்து சம்மதித்தாள்.

"அக்கா பிரசிடெண்ட், நான் செக்ரட்டரி. போதுமா?"

சோனாவின் வகுப்பறையிலேயே முதல் ஆலோசனைக் கூட்டம் நடந்தது. கிளைக்கு விதிகள் எழுதும்போது பிரேமகுமாரி எழுந்து சொன்னாள்: "சர்ட்டிபிகேட் இல்லாத ஒருத்தியும் இதுக்குள்ள வரப்பிடாது."

"எல்லாருக்கும் இந்தச் சட்டந்தானே அக்கா?" என்று கேட்டாள் சோனா.

"எல்லாருக்கும்தான். ஆள் பாத்தா சட்டம் போடுவாவ?"

எல்லோரும் கைதட்டினார்கள். அந்த 'எல்லாரில்' தானும் உண்டு என்பது பிரேமகுமாரிக்குத் தோன்றவே இல்லை. மார்த்தாண்டத்தில் பார்லர் வைத்திருந்த சித்தியிடம் தொழில் படித்தவள் அவள். சித்தி எல்லாம் சொல்லிக் கொடுத்தாள், சர்ட்டிபிகேட் மட்டும் கொடுக்கவில்லை.

உறுப்பினர்களைச் சரிபார்க்க மாவட்டத் தலைவி ஆனந்தபாய் வந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது.

"நானாக்கும் இந்தக் கிளையைத் தொடங்கினது," என்றாள் பிரேமகுமாரி.

"அது எனிக்கறியாம் சேச்சி," என்று ஆனந்தபாய், தெரியும் என்று தலையாட்டி, மலையாளத்தில் அன்பாகச் சிரித்தார். சர்ட்டிபிகேட் கேட்டு நீட்டிய கையை மட்டும் மடக்கவில்லை.

அதைவிடப் பெரிய அடி, ஜிஜாவும் விண்ணப்பித்திருந்தாள். போனில் அவள் பார்த்தது முறையான படிப்பு. பரீட்சை எழுதி, சங்கம் ஏற்கும் சர்ட்டிபிகேட்டே வாங்கியிருந்தாள். உடனே சேர்த்துக்கொண்டார்கள்.

"சேச்சி விஷமிக்கண்டா. ரட்சாதிகாரி ஆவாம்," என்று, வருத்தப்படவேண்டாமெனத் தேற்றி, புரவலராகும் வழி சொன்னார் ஆனந்தபாய். வேலை கொடுக்க முடியாது, ஆனால் நாற்காலி கொடுத்தே ஆகவேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கென்றே உள்ள பதவி அது. கோயில் கமிட்டி முதல் வாசகசாலை வரை எங்கும் ஒரு ரட்சாதிகாரி உண்டு. சோனா பிரசிடெண்ட் ஆனாள், ஜிஜா செக்ரட்டரி.

தொடக்க விழாவுக்குப் பாறசாலையில் வைத்த பிளெக்ஸில் பிரேமகுமாரியின் படம்தான் பெரிது. குத்துவிளக்கும் அவளே ஏற்றினாள். அந்தச் சந்தோஷம் முதல் மாதக் கூட்டம் வரை நின்றது. செவ்வாய்க்கிழமை விடுமுறை விடலாமா என்று ஓட்டுக்கு விட்டபோது, வேண்டாமென்று கை தூக்கினாள்.

"அக்கா, ரட்சாதிகாரிக்கு ஓட்டு கிடையாது," என்றாள் ஜிஜா மெதுவாக. மரியாதையாகச் சொன்னாள். திமிராகச் சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை நிறைவேறியது.

"முன்சீட்டுல இருத்தியிருக்காவ, அவ்வளவுதான். வண்டிய ஓட்டுகது வேற ஆளாக்கும்," என்றார் தங்கப்பன், வீட்டில் அதைக் கேட்டதும்.

மறுநாளே பிரேமகுமாரி சோனாவின் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்தாள். சரும வகுப்பு எடுக்க வந்தவள் ஜிஜா. பெண்பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். பிரேமகுமாரியும் சற்றுத் தாமதமாக எழுந்தாள்.

"அய்யோ, அக்கா இருங்க," என்று ஜிஜாதான் பதறினாள்.

தலைச்சாயம் பூசுமுன் காதுக்குப் பின்னால் துளி தடவி ஒருநாள் பொறுத்துப் பார்க்கவேண்டும் என்று அந்த வகுப்பில் கேட்டபோது பிரேமகுமாரிக்கு, தான் முன்பு சாயம் பூசிய ஒருத்தியின் வீங்கிய நெற்றி நினைவு வந்தது. மீன் கறி தின்றிருப்பாய் என்று அன்றைக்கு அவளை ஏசி அனுப்பியிருந்தாள். பிறகு ஒரு வகுப்பும் தவறவிடவில்லை. பரீட்சையில் தேறி, ரட்சாதிகாரி பதவியை விட்டுச் சாதாரண உறுப்பினரானாள்.

ஆண்டுக் கூட்டத்தில் ஜிஜா ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். "வீட்ல இருந்து தொழில் செய்யுத பிள்ளைங்க நிறைய உண்டு. இப்பம் சேத்துக்கிடுவோம். சர்ட்டிபிகேட் பெறவு வாங்கட்டும்."

எதிர்த்து முதலில் எழுந்தவள் பிரேமகுமாரி. "அது எப்பிடி? கஷ்டப்பட்டுப் படிச்சவளுக்குத்தான் அதுக்க அருமை தெரியும்."

பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள், சிரிப்பு வெளியே தெரியாமலிருக்க. தீர்மானம் நிறைவேறியது. வெளியே காத்திருந்த பெண்கள் உள்ளே வந்து அப்போதே உறுப்பினரானார்கள்.

அடுத்தது தேர்தல். சோனா போதும் என்று ஒதுங்கியதால் பிரசிடெண்ட் பதவிக்கு ஜிஜாவும் பிரேமகுமாரியும் நின்றார்கள். புதிதாக வந்தவர்களில் பாதிப்பேர் குன்னத்துகால்காரிகள். அவர்களுடைய அம்மாமாரைக் கல்யாணத்துக்கு ஒருக்கியவள் பிரேமகுமாரி. ஜிஜாவோ அவர்கள் வயதுக்காரி, அவர்களுக்கு வரவேண்டிய ஆர்டர்களைக் கொண்டுபோகிறவள். கதவைத் திறந்துவிட்டவளை விட்டுவிட்டு, அடைக்கப் பார்த்தவளுக்கு ஓட்டுப் போட்டார்கள்.

ஜிஜா வந்து கை கொடுத்தாள். கண் கலங்கியிருந்தது. பிரேமகுமாரிக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

"நீ செக்ரட்டரியாவே இரி மக்கா. நீ இல்லாம எனக்கு இதொண்ணும் ஓடாது," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் தங்கப்பன் கேட்டார்: "என்ன ஆச்சு, ஜெயிச்சியா தோத்தியா?"

"சொன்னதுல தோத்தேன். நின்னதுல ஜெயிச்சேன்."

"அப்பம் இனி என்ன செய்யப் போற?"

பிரேமகுமாரி செருப்பைக் கழற்றிக்கொண்டே யோசித்தாள். "செவ்வாக்கிழம லீவ மாத்தணும்," என்றாள்.