காற்றின் மேல் போட்ட பழி

சந்தனம் குனிந்து ஒரு பிடி புல்லைக் கிள்ளி முகத்துக்கு நேரே தூக்கிப் போட்டான். புல் திரும்பி வந்து அவன் நெற்றியிலும் சட்டையிலும் அப்பியது. ஆனி மாதத்தில் செண்பகத்தோப்புப் பக்கம் மலை இடுக்கில் புகுந்து வருகிற காற்று சாதாரணக் காற்றில்லை. சைக்கிளில் போகிறவனை இறக்கி, வண்டியை உருட்டிக்கொண்டு போகவைத்துவிடும். தோளில் தொங்கிய பை ஒரு பக்கமாக இழுக்க, கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டான்.

"என்னப்பா சந்தனம், எப்படி?" என்றார் முதலாளி நவநீதகிருஷ்ணன்.

"நல்ல எதுப்புக் காத்து மொதலாளி. ஓங்கி அடிச்சா பந்து மேல ஏறி நின்னுக்கிட்டு பின்னால வந்துரும். சும்மா நிதானமா விடுங்க, போயிரும்."

பையிலிருந்து ஒரு கோல்ஃப் ஸ்டிக்கை உருவினான். அதன் இரும்புத் தலையைத் துண்டால் மூடிப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை நீட்டினான். எந்த நம்பர் என்று முதலாளி கேட்கவில்லை. கேட்பது அந்த மைதானத்தில் வழக்கமுமில்லை. ஒருவர் எடுத்த நம்பரைப் பார்த்துத்தான் அடுத்தவர் தன்னுடையதைத் தீர்மானிப்பார் என்பதால், எதிராளி கண்ணில் படாமல் மூடிக் கொடுப்பதும், வாங்குகிறவர் பார்க்காமலே தரையில் ஊன்றுவதும் அங்கே பழகிப்போயிருந்தது. முதலாளி நிதானமாக விட்டார். பந்து தாழப் பறந்து, காற்றுக்கு அடியிலேயே போய், கொடி நட்ட குழிக்குப் பக்கத்தில் விழுந்து உருண்டது.

"பாத்தியா! ஏழாம் நம்பர்தானே?"

"ஆமா மொதலாளி, ஏழுதான்" என்றான் சந்தனம். கையில் திரும்பி வந்த ஐந்தாம் நம்பரைத் துண்டோடு சேர்த்துப் பைக்குள் இறக்கினான்.

ராஜபாளையத்து மில்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பை அழித்துப் போட்ட மைதானம் அது. பை தூக்க வந்தவர்களுக்குக் கேடி என்று பெயர். சந்தனம் முதன்முதலாக இந்த வேலைக்குச் சேர்ந்தபோது அவன் ஊர் சேத்தூரே சிரித்தது. "எம்புட்டு வேலை கெடக்கு, போயும் போயும் கேடியாவா போற?" என்று டீக்கடையில் ஓட்டினார்கள். ஆனால் சிரித்தவர்களுக்கு இல்லாத ஒன்று அவனுக்கு இருந்தது. பை தூக்குகிறவர்களின் பெயரெல்லாம் முதலாளியின் மில்லில், கழிவுப் பஞ்சுப் பிரிவில் ஏறியிருந்தது. அதனால் ஈஎஸ்ஐ கார்டு வந்தது. அந்தக் கார்டில்தான் அவன் மனைவி முத்துப்பேச்சியின் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்ட அவளுக்கு, மதுரையில் ஒரு நல்ல ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு மூன்று தடவை ரத்தம் சுத்தம் செய்தார்கள். கார்டைக் காட்டினால் போதும், யாரும் எதுவும் கேட்பதில்லை.

முதலாளிக்கு இருதய ஆபரேஷன் ஆகும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. நெஞ்சைப் பிளந்து தைத்த பிறகு மனிதர் மைதானத்துக்குத் திரும்பி வந்த முதல் நாள், பழைய ஏழாம் நம்பரை எடுத்து அடித்தார். பந்து பாதித் தூரம்கூடப் போகவில்லை. இன்னொன்று அடித்தார். அதுவும் அப்படியே. ஸ்டிக்கை விட்டெறிந்துவிட்டுப் புல்தரையில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சுத் தையல் மேல் கையை வைத்துக்கொண்டு, "முடிஞ்சுபோச்சுப்பா சந்தனம். இந்தப் பையெல்லாம் யாருக்காச்சும் குடுத்துருவோம்" என்றார்.

பெரிய மனிதர் குழந்தையைப்போல உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவும் சந்தனத்துக்குச் சகிக்கவில்லை. அவர் விளையாட வராவிட்டால் பை இல்லை, பை இல்லாவிட்டால் கார்டு இல்லை என்பதும் அதே நொடியில் தோன்றியது. இரக்கமா பயமா என்று கேட்டால் அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

"அது உங்க கையில்ல மொதலாளி, காத்து. மேல எதுப்பு அடிக்கு, கீழ தெரியல" என்று சொல்லிவிட்டு, ஐந்தாம் நம்பரைத் துண்டால் மூடி நீட்டினான். நம்பர் குறையக் குறையப் பந்து தூரமாகவும் தாழ்வாகவும் போகும். எதிர்க்காற்றில் இரண்டு நம்பர் குறைத்து மெதுவாக அடிப்பது கேடிகள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. முதலாளிக்கோ, காற்றே இல்லாதபோதும் அது வேண்டியிருந்தது. பந்து போய்ச் சேர்ந்தது. அவர் முகத்தில் ரத்தம் ஊறியதை அவன் கண்ணால் பார்த்தான். அன்றிலிருந்து அவருடைய வயோதிகத்தின் பழி முழுவதையும் காற்றின் மேல் போட்டு வந்தான்.

இன்னொரு கேடியான தங்கச்சாமிக்கு மட்டும் இது தெரியும். பைகளைத் துடைக்கிற இடத்தில் ஒருநாள் சொன்னான்: "ஏலே, ஆனி ஆடியில நீ பொழச்சுக்குவ. இல இம்மியும் ஆடாத நாளு ஒண்ணு வரும், அன்னைக்கு என்னலே செய்வ?"

அந்த நாள் கார்த்திகையில் வந்தது. இரவு பெய்து ஓய்ந்திருந்த காலை. தூரத்துச் செங்கல் சூளையின் புகை கோடு கிழித்ததுபோல நேரே மேலே போய்க்கொண்டிருந்தது. கோயம்புத்தூரிலிருந்து முதலாளியின் வருங்காலச் சம்பந்தி வந்திருந்தார். இரண்டு பேரும் தெலுங்கில் பேசிச் சிரித்துக்கொண்டு சரிசமமாக ஆடிக் கடைசிக் குழிக்கு வந்துவிட்டார்கள். அந்தக் குழிக்கு முன்னால் ஒரு குளம் உண்டு. குளத்தைத் தாண்டி விழவேண்டும்.

"எப்படிப்பா?" என்று முதலாளி கேட்டார்.

சந்தனம் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. பழகிய வாய் பழகியதைச் சொல்லிவிட்டது. "எதுப்புக் காத்து இருக்கு மொதலாளி. மெதுவா விடுங்க."

சம்பந்தி சிரித்தார். காலடியில் கொஞ்சம் புல்லைப் பறித்துக் கண்ணுக்கு நேரே பிடித்துக் கையை விரித்தார். அது நேராக அவருடைய ஷூ மேலேயே விழுந்தது. "காத்தாம்ல காத்து!" என்றபடி, தன் ஸ்டிக்கின் முனையால் சந்தனத்தின் துண்டை விலக்கினார். "அஞ்சாம் நம்பரா? சம்பந்தி, இந்தத் தூரத்துக்கு எங்க வீட்டுப் பொண்ணுகளே ஏழு எடுப்பாங்களே!"

முதலாளி அந்த எண்ணைப் பார்த்தார். நாலு பேருக்கு நடுவில் வேட்டி அவிழ்ந்துபோன மனிதரின் முகம் எப்படி இருக்குமோ அப்படி ஆகிவிட்டது அவர் முகம். கிட்டே வந்து, சம்பந்திக்குக் கேட்காத குரலில், "எம்புட்டு நாளா?" என்றார்.

சந்தனம் ஐந்தாம் நம்பரைத் திரும்பப் பைக்குள் இறக்கினான்.

முதலாளி ஏழாம் நம்பரைத் தானே உருவினார். இருந்த பலத்தையெல்லாம் திரட்டி அடித்தார். பந்து உயரமாகத்தான் போனது. அக்கரையைத் தொடாமல் குளத்தின் நடுவில் விழுந்தது. அவருக்கு மூச்சு வாங்கியது. பிறகு சம்பந்தியிடம் திரும்பித் தெலுங்கில் சொன்னார்: தப்பான ஸ்டிக்கைக் கொடுத்து இந்த ஆள் என் கையைக் கெடுத்துவிட்டான். ஒரே முதலாளியிடம் இத்தனை வருஷம் பை தூக்கியவனுக்கு அந்தத் தெலுங்கு புரியாமல் போகுமா? புரிந்தது. வாயைத் திறக்கவில்லை. சம்பந்தி முன்னால் அவர் இன்னொரு தரம் தலைகுனிய வேண்டாம் என்றிருந்தது அவனுக்கு.

மறுநாள் மேனேஜர் ஜெபக்குமார் ஆபீஸ் வாசலிலேயே நிறுத்திவைத்துப் பேசினார். "மொதலாளி ஒண்ணும் திட்டலய்யா. இனிமே அவன் என் பையத் தூக்க வேண்டாம்னாரு, அம்புட்டுத்தான். தங்கச்சாமி தூக்கட்டும். நீ காண்ட்ராக்ட்ல இருந்துக்க. புல்லு வெட்டு, கொளத்துல விழுற பந்த எடு."

"சரி சார். ஏம் பேரு மில்லுல இருக்கும்ல?"

"பை தூக்காத ஆளுக்கு அங்க எதுக்குய்யா பேரு? எடுத்தாச்சு."

"சார், கார்டு?"

"காண்ட்ராக்டுக்கு ஏது கார்டு? இப்ப இருக்கிறது கொஞ்ச மாசம் ஓடும்."

"ஏம் வீட்டுக்காரிக்கு அதுலதான சார் ஓடுது. மொதலாளிகிட்ட ஒரு வார்த்த..."

"நானா போய்ச் சொல்றது? அவரு வீட்டுப் பக்கம் இப்பத் தல காட்டாத. கோவம் ஆறட்டும்."

கோபம் ஆறுவதற்காகக் காத்திருந்தான். பொங்கலுக்குப் பிறகு முதலாளி வீட்டுக்கு இரண்டு தரம் போனான். இரண்டு தரமும் வாட்ச்மேன், "மேனேஜரக் கேட்டுட்டு வாரும்" என்று கேட்டுக்கு வெளியிலேயே திருப்பி அனுப்பினான். பங்குனி முடியும்போது மதுரை ஆஸ்பத்திரியில் கார்டை வாங்கிப் பார்த்த பெண், இது ஓடவில்லை என்று மெதுவாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு சர்க்கார் பெரியாஸ்பத்திரிதான். அங்கே மெஷின் கொஞ்சம், காத்திருக்கிறவர்கள் ஏராளம். முறை வந்த அன்றைக்கு நேரத்துக்குப் போய் உட்கார வேண்டும். பிந்தினால் அடுத்தவருக்குப் போய்விடும். மூன்று தடவை இரண்டானது. சில வாரம் ஒன்றானது. முத்துப்பேச்சியின் முகம் காலையில் உப்பி, கண் இடுங்கிக் கிடந்தது. ராத்திரியில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்கினாள். ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன கை நரம்பைத் தடவிக்கொண்டு அவள் ஒருநாள் கேட்டாள்.

"ஏழ எடுத்தது அவிய. அடிச்சது அவிய. நீங்க ஏன் உள்ளதச் சொல்லாம வந்திய?"

"சம்பந்திக்கு முன்னால எப்படிட்டி சொல்ல?"

"அவிய மானம் பொழச்சுருச்சு" என்றாள் முத்துப்பேச்சி. மேலே பேச அவளுக்கு மூச்சு இல்லை. சந்தனம் எழுந்துபோய் வாசலில் நின்று அழுதான்.

மறுபடி ஆனி வந்தது. மலை இடுக்கிலிருந்து காற்று கிளம்பிவிட்டது. மதியம் முத்துப்பேச்சிக்கு ஆஸ்பத்திரியில் முறை. அவளைக் கூட்டிப்போகப் பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும் என்று காலையிலேயே குளத்தில் இறங்கிவிட்டான். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று காலால் சேற்றைத் துழாவினான். கட்டைவிரலில் உருண்டையாக ஏதாவது தட்டினால் வலைக்கம்பை விட்டு எடுத்துக் கரையில் போட்டான். முன்பெல்லாம் குளத்தில் இவ்வளவு பந்து விழாது. கார்த்திகைக்குப் பிறகு அந்த மைதானத்தில் எந்தக் கேடியும் காற்று என்ற சொல்லை வாயால் எடுப்பதில்லை. யாரும் ஸ்டிக்கைத் துண்டால் மூடுவதுமில்லை. எல்லோரும் நம்பர் தெரிய நீட்டினார்கள்.

பேட்டரி வண்டி கரையோரம் வந்து நின்றது. முதலாளி இறங்கினார். மெலிந்திருந்தார், கன்னம் ஒட்டியிருந்தது. பின்னால் ஜெபக்குமாரும், பையோடு தங்கச்சாமியும் இறங்கினார்கள்.

"யாரு, சந்தனமா?" என்றார் முதலாளி. குரலில் கோபமில்லை. பழைய ஆளைப் பார்த்ததில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. "வீட்டுல எப்படிப்பா இருக்கா?"

"கால் வீங்கிக் கெடக்கு மொதலாளி. படுக்க முடியல."

"நல்ல ஆஸ்பத்திரியிலதான காட்டுற? நம்ம கார்டு இருக்கிற வரைக்கும் ஒனக்கு என்னப்பா கவல."

சந்தனம் நிமிர்ந்து பார்த்தான். அவருக்குத் தெரியவே தெரியாது! ஒரு பெயரை எடுத்ததும், அதோடு ஒரு கார்டு போனதும் அவர் காதுக்கே எட்டவில்லை. ஜெபக்குமார் போனை எடுத்து எதையோ பார்க்க ஆரம்பித்தார். சந்தனம் கரையை நோக்கி இரண்டு எட்டு வைத்தான்.

"மொதலாளி, அந்தக் கார்டு..."

"இரு, இத அடிச்சுட்டு வாரேன்" என்று அவர் திரும்பினார். "தங்கச்சாமி, காத்து எப்படிப்பா?"

தங்கச்சாமியின் சட்டை முதுகில் பலூனாகப் புடைத்து நின்றது. குளத்துத் தண்ணீர் அலையலையாகச் சுருண்டு இந்தக் கரைக்கு ஓடி வந்தது. அவன் சந்தனத்தின் பக்கமே பார்க்காமல் சொன்னான்: "காத்தே இல்ல மொதலாளி."

ஏழாம் நம்பரை நீட்டினான். முதலாளி ஓங்கி அடித்தார். பந்து செங்குத்தாக மேலேறி, காற்றில் முட்டி நின்று, பின்வாங்கிச் சந்தனத்துக்குக் கொஞ்ச தூரத்தில் தண்ணீரில் விழுந்தது. சிதறிய தண்ணீர் அவன் முகத்தில் அடித்தது.

"ச்சே! புதுப் பந்து" என்றார் முதலாளி. "சந்தனம், அத எடுப்பா."

"எடுக்கேன் மொதலாளி. அதுக்கு முன்னால, கார்ட வந்து..."

"மொதல்ல பந்த எடுப்பா. சேத்துல போயிரும்."

அந்த இடம் ஆழம். தண்ணீர் கழுத்துக்கு வந்தது, காலில் எதுவும் தட்டவில்லை. சந்தனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கினான். கண்ணைத் திறந்தால் பழுப்பாகத் தெரிந்தது. இரண்டு கையாலும் சேற்றை வாரி வாரித் தேடினான். சொல்ல வேண்டியதை உள்ளுக்குள் கோத்துப் பார்த்துக்கொண்டே தேடினான்: கார்டு ஓடலைங்க, பேர எடுத்துட்டாக, நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். மூச்சு முட்டியது. மேலே வந்து காற்றை இழுத்துவிட்டு மறுபடி முங்கினான். மூன்றாவது முங்கலில் பந்து கையில் சிக்கியது.

அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "மொதலாளி!" என்று மேலே வந்தான். கரையில் யாரும் இல்லை. பேட்டரி வண்டி குளத்தைச் சுற்றி அடுத்த மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. தங்கச்சாமி மட்டும் பின்னால் தொங்கிக்கொண்டு ஒரு தரம் திரும்பிப் பார்த்தான்.

ரோட்டில் பன்னிரண்டு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சந்தனம் கழுத்தளவுத் தண்ணீரில், பந்தைப் பிடித்த கையைத் தாழ்த்தாமல் நின்றான்.